வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி: எந்தச் சங்கத்தில் சேரலாம்?

கேள்வி: என் மகள் ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறாள். அங்கே மாணவர் சங்கங்கள் நிறைய இருக்கின்றனவாம். சேர்ந்தால் படிப்பு கெடுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: தாராளமாகச் சேரட்டும் அம்மா, ஆனால் முதல் செமஸ்டரில் வேண்டாம். அனாடமியும் (உடற்கூறியல்) புது ஊருமே அப்போது போதும். பிறகு ஒரே ஒரு சங்கம்.

அறுவை சிகிச்சை சங்கம் இருந்தால் அதையே முதலில் சொல்வேன். தையல் பழக தோல் மாதிரியான சிலிக்கோன் பேட், ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர், பல் வைத்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி), 3-0 தடிமனில் ஊசி கோத்த சில்க் நூல் போதும். பாண்டி சர்ஜிக்கல் கடைகளில் கேட்டு வாங்கி, கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் ஊசியை நூல் சேரும் இடத்திலேயே பிடிப்பார்கள். அந்த இடம் பலவீனமானது, ஊசி வளைந்துவிடும். கூர்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடித்து, தோலில் செங்குத்தாக இறக்கி, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

ஜார்ஜிய மொழி வகுப்பு நடத்தும் சங்கம் என்றால் அதுவும் நல்லது. பாடம் ஆங்கிலத்தில்தான், வார்டில் நோயாளி பேசுவது ஜார்ஜிய மொழி.

1951-ல் தொடங்கிய ஐ.எஃப்.எம்.எஸ்.ஏ. என்ற சர்வதேச மருத்துவ மாணவர் கூட்டமைப்பு வழியாக வேறு நாட்டு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகலாம். விடுமுறையில் மட்டும் போகட்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, குறைந்தது 54 மாதப் படிப்பும் அங்கே செய்யும் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் ஒரே கல்லூரியில்தான் முடிய வேண்டும்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராக வேலை செய்ய எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் சங்கச் சான்றிதழ் ஒரு மார்க்கும் தராது. அதில் 300-க்கு 150 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் தேர்வு நெருங்கினால் சங்கப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.