ஒரே ஏடிசி, மூன்று டிரைவர்: லினக்ஸ் கெர்னல் கேள்வி பதில்

கே: எங்கள் போர்டில் 12 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சுற்று) ஒன்றுதான். பேட்டரி வோல்டேஜ், தெர்மிஸ்டர் (வெப்பத்தை அளக்கும் ரெசிஸ்டர்), முன்பக்கப் பட்டன்கள் மூன்றும் அதன் சேனல்களில்தான் (உள்ளீடுகளில்) இருக்கின்றன. மூன்று டிரைவர்களும் ஏடிசி ரெஜிஸ்டரைத் தாங்களே படிக்கட்டும், ஒரு நேரத்தில் ஒருவரே படிக்கும்படி நடுவில் ஒரு லாக் போட்டால் போதும் என்கிறார் நண்பர். சரிதானா?

ப: லாக் மோதலைத் தடுக்கும். ஆனால் ரெஃபரன்ஸ் வோல்டேஜ், கிளாக், பவரை எப்போது அணைப்பது ஆகிய பொறுப்புகள் மூன்று இடத்தில் சிதறிவிடும். ஏடிசி, ஐஐஓ (ஏடிசி, சென்சார் போன்றவற்றுக்கான கெர்னல் பிரிவு) டிரைவரின் கையில் மட்டும் இருக்கட்டும். மற்றவை அதனிடம் சேனலைக் கேட்டு வாங்கட்டும். போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், ஏடிசிக்கான பகுதியில் (நோடில்) 'ஐஓ-சேனல்-செல்ஸ்' 1 என்று கொடுங்கள். வாங்கும் நோடில் 'ஐஓ-சேனல்ஸ்' வரியில் ஏடிசியின் லேபிளும் சேனல் எண்ணும், 'ஐஓ-சேனல்-நேம்ஸ்' வரியில் பெயரும் வர வேண்டும்.

பட்டன்களுக்கு 'ஏடிசி-கீஸ்', தெர்மிஸ்டருக்கு 'என்டிசி தெர்மிஸ்டர்' என இரண்டு டிரைவர்களும் கெர்னலிலேயே உள்ளன. பேட்டரிக்கு மட்டும் நீங்களே எழுத வேண்டியிருக்கலாம்.

கே: சேனலைக் கேட்டால் -517 வருகிறது. சில சமயம் -22.

ப: -517 என்றால் ஏடிசி டிரைவர் இன்னும் எழவில்லை, பிறகு வா என்று பொருள். அதை அப்படியே திருப்பி அனுப்புங்கள். கெர்னல் தானே மறுபடி அழைக்கும். பூட் முடிந்த பிறகும் அப்படியே நின்றால், பிழை தேடக் கெர்னல் தரும் கோப்புகள் உள்ள டீபக்எஃப்எஸ்ஸில் 'டிவைசஸ் டிஃபர்டு' கோப்பைப் பாருங்கள். பெரும்பாலும் ஏடிசி நோட் 'டிசேபிள்டு' நிலையில் இருக்கும், அல்லது அதன் ரெஃபரன்ஸ் ரெகுலேட்டர் வந்திருக்காது.

-22 வேறு கதை; கொடுத்த எண் செல்லாது என்று பொருள். டிவைஸ் ட்ரீயில் கொடுக்கும் எண், டிரைவர் தனியாக மாற்றி அமைக்காதவரை, சிப்பின் பின் எண் அல்ல. டிரைவர் பதிவு செய்த சேனல் பட்டியலில் அதன் வரிசை எண். 0, 2, 5 ஆகிய பின்கள் மட்டும் பதிவாகியிருந்தால் 5ஆம் பின்னுக்கு எண் 2. அங்கே 5 என்று எழுதினால் -22. பட்டியல் நீளமாக இருந்தால் பிழையே வராது, பக்கத்துச் சேனலின் அளவு வரும். அதுதான் ஆபத்து.

கே: பேட்டரி 4.2 வோல்ட். டிரைவருக்கு 1042 தான் வருகிறது. தவிர, பட்டனை அழுத்தினால் அந்த எண்ணும் ஆடுகிறது.

ப: மேலே 100 கிலோ ஓம், கீழே 33 கிலோ ஓம் என வோல்டேஜைக் குறைக்கும் டிவைடர் போட்டிருக்கிறீர்கள் போலும். 4200 × 33 ÷ 133 = 1042 மில்லிவோல்ட்; ஏடிசி சரியாகத்தான் சொல்கிறது. பெருக்கலை உங்கள் டிரைவருக்குள் ஒளித்து வைக்காதீர்கள். நடுவில் 'வோல்டேஜ்-டிவைடர்' நோட் ஒன்று போட்டு, 'அவுட்புட்-ஓம்ஸ்' 33000, 'ஃபுல்-ஓம்ஸ்' 133000 என்று கொடுத்து, பேட்டரி நோடை அதனோடு இணையுங்கள். ஐஐஓ மில்லிவோல்ட்டில் தரும், பவர் சப்ளை பிரிவோ மைக்ரோவோல்ட் கேட்கும். 1000ஆல் பெருக்க மறந்தால் 4 மில்லிவோல்ட் பேட்டரி ஆகிவிடும்!

எண் ஆடுவது மென்பொருள் கோளாறு அல்ல. ஏடிசி பக்கமிருந்து பார்த்தால் இரண்டு ரெசிஸ்டரும் இணையாகச் சேர்ந்து ஏறக்குறைய 25 கிலோ ஓம் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ். பட்டன் சேனலிலிருந்து மாறியதும், ஏடிசியின் உள் கெப்பாசிட்டரில் மிஞ்சிய சார்ஜ் அந்த ரெசிஸ்டன்ஸ் வழியே சீக்கிரம் சமனாகாது. ஏடிசி பின்னுக்கு ஒட்டியே 100 நானோ ஃபாரட் வையுங்கள். டைம் கான்ஸ்டன்ட் 2.5 மில்லி செகண்ட் ஆகும். பேட்டரிக்கு அது ஒன்றும் பெரிதல்ல.

கே: யூசர் புரோகிராம் பஃபர் கேப்சர் (சேனல்களைத் தொடர்ந்து படித்துச் சேர்ப்பது) தொடங்கியதும் தெர்மிஸ்டர் -16 தருகிறது.

ப: பங்கீட்டில் உண்மையான சிக்கல் இதுதான். பஃபர் ஓடும்போது ஏடிசி தன் வரிசைப்படி சேனல்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். இடையில் ஒற்றை ரீட் புகுந்தால் வரிசை குலையும். அதனால் பெரும்பாலான டிரைவர்கள் -16, அதாவது 'வேலையாக இருக்கிறேன்' என்று மறுத்துவிடும். பேட்டரிக்குப் பழைய அளவை வைத்துச் சமாளிக்கலாம், வெப்பப் பாதுகாப்புக்கு அது ஆகாது.

அங்கே, அளவு வந்ததும் உங்கள் டிரைவரின் ஃபங்ஷனை அழைக்கும் கால்பேக் பஃபர் பயன்படுத்துங்கள். யூசர் கேட்டதும் நீங்கள் கேட்டதுமான சேனல்களைச் சேர்த்து எடுத்து, ஐஐஓ அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்கும். கேட்கும் சேனல்கள் எல்லாம் ஒரே ஏடிசியில் இருக்க வேண்டும். வருவது கச்சா எண்; பிட் நகர்த்தல், பைட் வரிசை, ஸ்கேல் எல்லாம் உங்கள் வேலை. ட்ரிகர் (அளவெடுக்கச் சொல்லும் சைகை) அடிக்கும் வேகத்தில் அழைப்பு வரும் என்பதால் அளவைக் குறித்துக்கொண்டு உடனே திரும்புங்கள். இன்னொன்று: புதிதாக ஒரு பஃபர் சேரும்போதும் விலகும்போதும் ஓடுகிறதை ஒரு கணம் நிறுத்தித்தான் மீண்டும் தொடங்கும். யூசர் பக்கத்தில் சாம்பிள் விடுபடும். எனவே பூட்டிலேயே தொடங்கி, நிறுத்தாமல் விடுங்கள்.

கே: இன்டர்ரப்ட் ஹேண்ட்லருக்குள் சேனலைப் படிக்கலாமா?

ப: கூடாது. உள்ளே மியூடெக்ஸ் (ஒரு வகை லாக்) இருக்கிறது, அதற்காகக் காத்திருக்கையில் தூங்க நேரலாம்; இன்டர்ரப்ட் ஹேண்ட்லர் தூங்கக் கூடாது. தூங்க அனுமதி உள்ள த்ரெடட் இன்டர்ரப்ட் அல்லது வொர்க் க்யூவில் படியுங்கள்.