பழைய நகரத்தில வாகனமும் சனமும் கூடினா ஊர் என்ன ஆகும்? ரோட்டையும் பாலத்தையும் அகலமாக்கினா சரியாகிடுமா?

உங்க ஊர்லயும் ஏதோ பாலமோ பைபாஸோ வரப்போகுது, ஆக்கள் ரெண்டா பிரிஞ்சு கத்துறாங்க, அதான் கேக்கிறீங்க போல. நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். எஞ்சினியர் இல்ல, அதால "உனக்கென்ன தெரியும்" எண்டு கமெண்ட்ல வராதீங்க, கண்டதத்தான் சொல்றன்.

எங்கட கல்லடிப் பாலம் 1924இல திறந்தது. ஆளுநர் மனிங்ட மனைவி பேர்ல லேடி மனிங் பாலம். ஒடுக்கமான இரும்புப் பாலம், ஒரு நேரத்தில ஒரு பக்க வாகனம்தான் போகும். அங்கால ஒரு லொறி ஏறிட்டெண்டா இஞ்சால நாங்க நிக்கணும், நிக்கிற நேரத்தில ஆர் வீட்டில கலியாணம், ஆருக்கு வேலை கிடைச்ச எல்லாம் தெரிய வந்திடும். ஸ்கூலுக்கு லேட்டா போனா "பாலத்தில நிண்டன் டீச்சர்" எண்டா போதும், அவவும் அதால வாறவதானே. மறுகா 2013இல ஜப்பான் உதவியோட பக்கத்திலயே அகலமா புதுசு கட்டினாங்க. பழச இடிக்கல்ல, அந்தளவுக்கு நல்லம்.

நெரிசல் போச்சா எண்டா, போகல்ல, இடம் மாறிட்டு. முந்தி பாலத்தடியில நிண்டதெல்லாம் இப்ப அரசடி தாண்டி டவுனுக்குள்ள வந்து நிக்குது. டவுன் இருக்கிறதே புளியந்தீவு எண்ட தீவிலதான், அத சுத்தி வாவி, அதுக்குள்ளதான் 1638இல ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிட்ட பிடிச்ச கோட்டை, 1814இல தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி, மிக்கேல் கல்லூரி, பெரிய கோயில், பேங்க், கடை, டியூஷன் எல்லாம். கன காலம் கச்சேரியே, அதான் மாவட்ட அரசாங்க ஒபிஸே, கோட்டைக்குள்ளதான் இருந்த. பாலத்த எத்தினையும் கட்டலாம், தீவ இழுத்துப் பெருப்பிக்க ஏலுமா? 2014இல மண்முனைப் பாலமும் வந்திட்டு, வாவிக்கு அங்கால மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரை ஆக்களுக்கும் இப்ப டவுன் கிட்ட. அவங்க வரக்கூடாதெண்டு நான் சொல்லல்ல, சண்டைக்கு வராதீங்க, முந்தி துறையில பாதைக்கு, அதான் ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவைக்கு, காத்து நிண்டு அந்தச் சனம் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாற வாகனம் எங்க நிக்கும் எண்டு ஒருத்தரும் யோசிக்கல்ல, என்ட கோபம் அதுதான்.

போன மாசம் அம்மாவ பென்ஷன் எடுக்க ஓட்டோவில கூட்டிப் போனன். அவக்கு முழங்கால் ஏலாது. பேங்குக்கு முன்னால நிப்பாட்ட ஒரு சாண் இடமில்ல, பின்னால ஹோன் அடிச்சுக் கொல்றாங்க. கொஞ்சம் தள்ளி ஒரு கடை வாசல்ல மட்டும் இடம் கிடக்கு, பாத்தா நடுரோட்டில கால் ஒடிஞ்ச பிளாஸ்டிக் கதிரை ஒண்டு, மண் நிரப்பின பெயின்ட் வாளியில முண்டு குடுத்து வெச்சிருக்காங்க. இறங்கி நகத்தப் போனன், உள்ளருந்து ஒரு பொடியன், "அக்கா அது கஸ்டமருக்கு." ரோடு என்ன உங்கட சீதனமோ எண்டு நான் கேக்க வாயெடுக்க முதல் அம்மா மெதுவா இறங்கி வந்து அந்தக் கதிரையிலயே இருந்திட்டா. "மகன், ஒரு சோடா தாங்க, நானும் கஸ்டமர்தான்." பொடியனுக்கு பேச்சில்ல. ஓட்டோ அண்ணன் சிரிச்ச சிரிப்பு! சோடாவுக்கு காசு குடுத்தம், அதையும் சொல்லிடுறன்.

பார்க்கிங்குக்கு காசு அறவிடுங்க, ஸ்கூல் விடுற நேரம் பெரிய வாகனம் உள்ள விடாதீங்க எண்டா "வியாபாரம் படுத்திடும்" எண்டுறாங்க. எனக்கெண்டா வயசான ஆக்கள் இறங்கி நடக்க ஏலாத டவுன்ல என்ன வியாபாரம் எண்டு விளங்கல்ல.

இதுக்குள்ள வெளிநாட்டுச் சொந்தக்காரர் வேற. கனடாவில இருந்து மச்சான் ஒராள் வந்தார், ஊருக்குள்ள திரும்பவே ஏலாத பெரிய வேன் ஒண்டு எடுத்து, அத பெரிய பாலத்தடியில குறுக்க நிப்பாட்டிப்போட்டு வாவியப் படம் எடுக்கிறார். பின்னால பஸ் நிக்குது. "ஊர் முந்தி மாதிரி இல்ல, நீங்க கெடுத்துப்போட்டீங்க" எண்டு எனக்கு கிளாஸ் வேற. அந்த வேன் பிடிச்சுக் குடுத்ததே நான்தான், அட்வான்ஸ் காசும் நான்தான் கட்டின. இன்னும் தரல்ல மனுசன். இத வாசிச்சா தன்னைத்தான் சொல்றன் எண்டு அவருக்கு விளங்கும், விளங்கட்டும்.