பின் சஸ்பென்ஷன் போல்ட் சுழல்கிறது, ஆனால் வெளியே வரவில்லை

வணக்கம். 1992 மஸ்டா மியாட்டா காரில் பின் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ் (அதன் மூட்டில் இருக்கும், உலோக உள்குழாய் கொண்ட ரப்பர் உறை) மாற்றப் போய், நட்டைக் கழற்றிய பிறகும் வெளிப்பக்க நீள போல்ட் வரவில்லை, திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்புகிறது என்கிறீர்கள். புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் துருவேறி ஒட்டிக்கொண்டது. சுத்தியலை வைத்துவிடுங்கள், மரைதான் நசுங்கும்.

துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிட்டுப் பாருங்கள். மசியவில்லையா, அறுத்துவிடுங்கள். புஷ்ஷை எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள்! ஆர்முக்கும் சக்கரத் தாங்கிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் உலோகம் அறுக்கும் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் ஆர்ம் கையோடு வந்துவிடும். புது போல்ட்டை முன்பே வாங்கி வையுங்கள். கேஸ் டார்ச்சின் தீயால் சூடாக்க வேண்டவே வேண்டாம், பெட்ரோல் டேங்க் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆர்மின் உட்பக்கத்தில் இருப்பவை கேம் போல்ட்டுகள், அதாவது திருப்பினால் சக்கரம் நிற்கும் கோணத்தை மாற்றுபவை. தொடுவதற்கு முன் அவை நிற்கும் கோணத்தை பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கடைசியில்தான். சக்கரம் தொங்கும்போதே நட்டுகளை முழுசாக முறுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று, சீக்கிரமே கிழிந்துபோகும். லேசாக மட்டும் பூட்டி, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குத் தூக்கி, அதன் பிறகே டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். அப்போதும் வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் இருந்தே ஆக வேண்டும். பிறகு நேராக வீல் அலைன்மென்ட்டுக்கு (சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய) விட்டுவிடுங்கள்.