பத்து வருஷமாகக் காய்ந்து கிடக்கும் பள்ளம்: பக்கத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: கோவை தடாகம் சாலையில், கணுவாய்க்கு மேற்கே ஒரு பள்ளத்தை (மழைத்தண்ணீர் ஓடும் ஓடையை) ஒட்டி 5 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். பள்ளம் 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் இருக்கும். "பத்து வருசமா தண்ணியே வந்ததில்லைங்க" என்கிறார் புரோக்கர். மனைப்பிரிவின் நுழைவில் பள்ளத்துக்குள் மூன்று சிமென்ட் குழாய் வைத்து, மேலே மண் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். இனி தண்ணீர் வருமா என்று நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளத்தோரம் போர் போட்டால் நிச்சயம் தண்ணீர் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தண்ணீர் வரும். எந்த வருஷம் வரும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

புரோக்கர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கணக்குப்படி 25 வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளம் என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடுத்தடுத்த பத்து வருஷம் வராமலே போவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பத்து வருஷ வறட்சி எதையும் நிரூபிக்காது. அதே வெள்ளம், நீங்கள் அங்கே குடியிருக்கப்போகும் 30 வருஷத்தில் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 70. வீட்டுக்கடன் முடிவதற்குள் வந்துவிடலாம் என்று அர்த்தம்.

நீங்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் நிலத்தை. எவ்வளவு பரப்பில் விழும் மழை அந்த 6 மீட்டர் அகலத்துக்குள் வந்து சேர்கிறது என்று தெரிந்துவிட்டால், உங்கள் கேள்வியில் முக்கால்வாசிக்கு விடை கிடைத்துவிடும். அந்தப் பரப்புக்குப் பெயர் நீர்ப்பிடிப்புப் பகுதி.

தடாகம் பள்ளத்தாக்கில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். மாங்கரை தாண்டி ஆனைகட்டிக்கு ஏறும் மலைப்பாதையில், உச்சியைக் கடக்கும் இடத்தில் ஒரு நீர்ப்பிரிமேட்டைக் கடக்கிறோம். அதற்கு மேற்கே விழும் துளி கொடுங்கரைப்பள்ளம் வழியாகப் பவானிக்குப் போகும். கிழக்கே விழுவது மாங்கரை, சின்னத் தடாகம், கணுவாய் என்று இறங்கி, சங்கனூர் பள்ளமாக நகருக்குள் நுழைந்து, ரத்தினபுரி வழியாகச் சிங்காநல்லூர்ப் பக்கம் போய் நொய்யலில் சேரும். ஒரே மேகத்தின் தண்ணீர் இப்படி இரண்டாகப் பிரிகிறது. அப்புறம் பவானி கூடுதுறையில் ஒரு பாதி காவிரியில் இறங்கி, கொடுமுடியைத் தாண்டி வரும்போது நொய்யல் கிராமத்தருகே மறுபாதியைச் சந்திக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

உங்கள் பள்ளம் இந்தப் பெரிய வலையில் ஒரு சின்னக் கிளை. அதன் எல்லையை வரைய இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் போதும். அத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதில் சம உயரக்கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கும். கோடு மலை உச்சியை நோக்கிக் கூர்மையாக வளைந்தால் அங்கே பள்ளம், தாழ்வான பக்கம் பிதுங்கினால் அங்கே மேடு. உங்கள் மனையில் பென்சிலை வைத்து, இரண்டு பக்கமும் மேட்டு முதுகு வழியாகவே ஏறி, பின்னால் இரண்டு கோடும் சேரும்வரை வரையுங்கள். வழியில் ஒரு ஓடையைக்கூட வெட்டக் கூடாது. வெட்டினால் எங்கோ தடம் மாறிவிட்டீர்கள். பிறகு வரைபடத்தைச் சுருக்காமல், பெரிதாக்காமல் அதே 1:50,000 அளவில் அச்செடுத்து, கட்டம் போட்ட தாளில் எண்ணுங்கள்: 4 சதுர சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 சதுர கிலோமீட்டர். இன்னொன்று, நம் வரைபடங்களில் வற்றிய ஓடைகளைக் கறுப்பு நிறத்தில் போடுவார்கள், தண்ணீர் நிற்பதை நீலத்தில். நீலத்தை மட்டும் தேடிவிட்டு "இங்கே ஓடையே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, 3 சதுர கி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. மழை 1 சதுர கி.மீ. பரப்பில் விழுந்தால் 10 லட்சம் லிட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டினால் உங்கள் பகுதியில் 18 கோடி லிட்டர் விழுகிறது. கோடை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இப்படிக் கொட்டுவது அதிசயம் இல்லை. இதில் எவ்வளவு வழிந்தோடும் என்பது தரையைப் பொறுத்தது. புதரும் புல்லுமான சரிவில் 100-க்கு 40 என்று எடுத்தால், பள்ளத்தில் வினாடிக்கு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர் வரும். மூன்று வினாடிக்கு ஐந்து தண்ணீர் லாரி அந்த இடத்தைக் கடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்க்க விரும்பினால்: 0.278, வழிந்தோடும் பங்கு (100-க்கு 40 என்றால் 0.4), மணிக்கு எத்தனை மி.மீ. மழை, எத்தனை சதுர கி.மீ. பரப்பு, இந்த நான்கின் பெருக்கல்தான் விடை. சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்குப் பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இதுவே. மேலே மனைப்பிரிவுகளும் கான்கிரீட்டும் பெருகி அந்தப் பங்கு 100-க்கு 80 ஆகிவிட்டால், அதே மழைக்கு 40 கன மீட்டர்.

இப்போது உங்கள் பள்ளத்தின் கொள்ளளவைப் பாருங்கள். 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 9 சதுர மீட்டர். தண்ணீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 18 கன மீட்டர் போகும். நாம் போட்ட 20-க்குக் கிட்டத்தட்டச் சரி. இயற்கை தனக்கு வேண்டிய அகலத்தை அறுத்து வைத்திருக்கிறது. ஆனால் நுழைவில் வைத்திருக்கும் குழாய்கள்? 90 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாயில் ஒன்றரை கன மீட்டர் அளவுக்குத்தான் போகும். மூன்றுக்கும் சேர்த்து ஐந்துகூட வராது. அதிலும் மலையிலிருந்து வரும் முள்ளும் விறகும் முதல் பத்து நிமிடத்திலேயே குழாய் வாயை அடைத்துவிடும். மீதித் தண்ணீர் மண் பாதைக்குப் பின்னால் ஏரி போலத் தேங்கி, தாழ்வான பக்கமாகப் பாயும், அல்லது பாதையை உடைத்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கும். உங்கள் மனை குழாய்க்கு மேலா, கீழா என்று நீங்கள் எழுதவில்லை. மேலே என்றால் முதல் ஆபத்து, கீழே என்றால் இரண்டாவது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்தக் குழாய்கள்தான்.

பத்து வருஷமாக ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கோவை மழைமறைவுப் பகுதி, அதாவது மலை மழைமேகத்தைத் தடுத்துவிடும் பக்கம்; வருஷ மழை சுமார் 600 முதல் 700 மி.மீ. மலையடிவாரத்துச் செம்மண்ணும் பள்ளத்தின் மணலும் சாதாரண மழையைக் குடித்துவிடும். மேலே ஓடிய தண்ணீர் கணுவாய் வருவதற்குள் மறைந்தே போகலாம். ஆனால் ஒரு வாரம் விட்டுவிட்டுப் பெய்து மண் ஊறிய பிறகு வரும் கனமழைக்கு மண்ணில் இடம் இருக்காது. அதே 60 மி.மீ. அன்றைக்கு இரண்டு மடங்கு வெள்ளமாகவும் வரலாம். சரிவு அதிகமுள்ள சின்னப் பகுதி என்பதால் மலையில் பெய்த அரை மணி, முக்கால் மணியில் தண்ணீர் உங்களிடம் வந்துவிடும். உங்கள் மனையில் ஒரு சொட்டு விழாமலேயே பள்ளம் நிரம்பலாம்.

தடாகத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. செங்கல் சூளைகளுக்காகப் பல ஆண்டுகள் செம்மண் அள்ளியதில், ஓடைகளின் தடங்கள் பல இடங்களில் அறுந்துவிட்டன. 2021-ல் சூளைகள் மூடப்பட்டாலும் குழிகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் பள்ளத்துக்கு மேலே அப்படி ஒரு குழி இருந்தால், அது நிரம்பும்வரை கீழே தண்ணீர் வராது. நிரம்பி ஒரு பக்கம் உடைந்தால், வழக்கமான தடத்தில் வராமல் வேறு வழியில் வரும். இதையெல்லாம் கணினியிலேயே பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்: செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இருப்பதால், சின்னக் கரைகளும் சாலை மேடுகளும் அதில் சரியாகத் தெரியாது. ஆகவே ஒரு நாள் ஒதுக்கிப் பள்ளத்தின் வழியே மேல்நோக்கி நடந்து பாருங்கள். அங்கே யானை நடமாட்டம் உண்டு. உள்ளூர்க்காரர் துணையோடு, பகல் வெளிச்சத்தில், வனத்துறை எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள்.

நடக்கும்போது கிளைகளில் சிக்கிய பழைய துணி, பிளாஸ்டிக், காய்ந்த சருகு எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். அதுதான் கடைசியாக வந்த வெள்ளத்தின் மட்டம். தரையில் உருண்டு கிடக்கும் கற்களின் பருமன் வேகத்தைச் சொல்லும். தலையளவு கல் புதிதாகப் புரண்டு கிடந்தால் அங்கே விளையாட்டில்லை. பள்ளம் வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை அரிக்கும், உட்பக்கம் மணல் சேரும். உங்கள் மனை வெளிப்பக்க வளைவில் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். பிறகு ஆடு மாடு மேய்க்கும் வயதானவர்கள் யாராவது இருந்தால், "தண்ணி வந்துச்சா?" என்று கேட்காமல், "பெருந்தண்ணி வந்தப்ப எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள். கை நீட்டி இடத்தைக் காட்டுவார்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: கிராம வரைபடம், உங்கள் சர்வே எண்ணின் புலப்படம் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு). பின்னிரண்டும் அரசின் இணையதளத்தில் கிடைக்கும். பள்ளம் ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசுக்குச் சொந்தமான ஓடை நிலம் என்று இருந்தால் அதன் அகலத்தைப் புலப்படத்தில் அளந்து, தரையில் இருக்கும் அகலத்தோடு ஒப்பிடுங்கள். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். சின்னப் பள்ளங்கள் பல, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுவதால் பதிவேட்டில் புறம்போக்காக வரவே வராது. சட்டப்படி சுத்தமான பட்டா, நடுவில் ஓடை! வில்லங்கச் சான்று இதைக் காட்டாது. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு, அதாவது யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அப்போது ஓடை என்று இருந்தது இப்போது வேறாக மாறியிருந்தால் விலகிவிடுங்கள்.

வெள்ளமே வராவிட்டாலும் கரை ஒரு தனி விஷயம். 2025 ஜனவரியில் சங்கனூர் பள்ளத்தில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது கரையோர வீடு சரிந்து விழுந்தது. கரையின் அடிமண்ணை ஆறு அரித்தாலும் இயந்திரம் தோண்டினாலும் மேலே இருப்பது நிற்காது. மனையை வாங்கியே தீருவது என்றால், கரை விளிம்பிலிருந்து பள்ளத்தின் ஆழத்தைப் போல நான்கைந்து மடங்காவது தள்ளி அஸ்திவாரம் போடுங்கள். தரைமட்டத்தை, நீங்கள் பார்த்த வெள்ள மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே வையுங்கள். சுற்றுச்சுவரைப் பள்ளத்துக்குள் ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம். உங்கள் பக்கம் குறையும் அகலம் எதிர்க்கரைக்காரரின் வீட்டுக்குள் போகும். ஆனால் 5 சென்டில் இத்தனை இடம் விட்டால் வீடு கட்ட மிச்சம் என்ன இருக்கும் என்று தாளில் வரைந்து பாருங்கள். அந்தக் குழாய்களை எடுத்துவிட்டு முழு அகலத்துக்குப் பாலம் கட்டித் தருகிறோம் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

போர் விஷயம் சுருக்கமாக. பள்ளத்தோரம் திறந்த கிணறு வெட்டினால் பலன் இருக்கும். மேலே உள்ள சிதைந்த பாறைக்குள் பள்ளத்துத் தண்ணீர் ஊறி வரும். ஆழ்துளைக் கிணறு அப்படியில்லை. அடியில் இருப்பது கடினப்பாறை, அதில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். ஓடைகள் சில சமயம் பாறையின் பலவீனமான வெடிப்புக் கோட்டிலேயே ஓடும். உங்கள் பள்ளம் நீண்ட தூரம் நேர்கோடாகப் போனால் வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடிப்பாறையின் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்து, அக்கம்பக்கத்துப் போர்களின் ஆழத்தையும் விசாரித்த பிறகு முடிவெடுங்கள். மேலே உள்ள மனைகளின் கழிவுத்தொட்டிகள் எந்தப் பக்கம் கசியும் என்பதையும் பாருங்கள். பள்ளத்து மணல் கழிவையும் அதே வேகத்தில் கிணற்றுக்குக் கொண்டுவரும்.