கேள்வி – பதில்: தணிக்கைப் பதிவுகளைச் சேகரிக்கும் பிளக்-இன்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, தரவுத்தளப் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தணிக்கைப் பதிவுகளை, அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற குறிப்புகளை, கொண்டுபோய்ச் சேர்க்கும் பிளக்-இன் என்ற துணைநிரல் பற்றியவை. ஐந்தும் நீலகிரியிலிருந்து வந்தவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்குக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எந்த விவசாயியின் எடையை யார் எப்போது திருத்தினார் என்பதை எங்கள் மென்பொருளே ஒரு தனி அட்டவணையில் எழுதி வைக்கிறது. தணிக்கைப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காக்கும் ஆரக்கிள் ஆடிட் வால்ட் மென்பொருளை வாடிக்கையாளர் ஒருவர் நிறுவியிருக்கிறார். அந்த அட்டவணையில் உள்ளவையும் அதற்குள் வர வேண்டும் என்கிறார். பிளக்-இன் எழுதுவதை எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ஜாவா நிரல்மொழியிலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் தணிக்கை அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். பெயர் தெரிந்த தரவுத்தளங்களுக்கான சேகரிப்பு பிளக்-இன்கள் ஆடிட் வால்ட்டுடனேயே வருகின்றன. அது அறியாத மூலங்களுக்கு நாமே எழுதிச் சேர்க்க ஓர் உருவாக்குநர் தொகுப்பும் உண்டு. பதிவுகள் ஓர் அட்டவணையிலோ எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் அமைந்த கோப்பிலோ ஒழுங்காக இருந்தால் நிரல் எழுதவே தேவையில்லை. அட்டவணையின் எந்த நெடுவரிசையில் நேரம் இருக்கிறது, எதில் பயனரின் பெயர் இருக்கிறது, எது செயல், எது செயலுக்கு உள்ளான பொருள், செயல் வென்றதா தோற்றதா என்பவற்றைச் சொல்லும் ஒரு மேப்பர் கோப்பை எக்ஸ்எம்எல்லில் எழுதி, அதை ஏவிபேக் என்ற கருவியால் கட்டி, சர்வரில் ஏற்றிவிட்டால், மூலக் கணினியில் ஓடும் ஏஜெண்ட் என்ற சிறு மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பதிவு இத்தகைய வடிவங்களில் அடங்காதபோதுதான் ஜாவாவில் எழுத வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த வேலை தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

மேப்பர் கோப்பு பார்வைக்கு எளிது. ஆனால் அதில்தான் உங்கள் தீர்ப்பு வெளிப்படும். கொள்முதல் கணக்கில் 'ரத்து' என்று ஒரு செயல் இருக்குமல்லவா? பெரும்பாலான மென்பொருள்களில் ரத்து செய்தால் அந்த வரி அழிவதில்லை. ரத்து என்ற குறி மட்டும் விழுகிறது. இதை ஆடிட் வால்ட்டின் மொழியில் அழித்தல் என்பதா, மாற்றுதல் என்பதா? கணக்காளர் அழித்தல் என்பார். தரவுத்தளம் மாற்றுதல் என்னும். நான் தரவுத்தளத்தின் பக்கம் நிற்பேன். பின்னாளில் விசாரிக்க வருபவர், அழிந்துபோன வரியைத் தேடுவதா, இருக்கும் வரியின் பழைய மதிப்பைத் தேடுவதா என்பதை அந்தச் சொல்லைக் கொண்டே முடிவு செய்வார். ஆனால் 'ரத்து' என்ற உங்கள் சொல்லையும் இழந்துவிடக் கூடாது. பொதுப் புலங்களில் இடம் பெறாதவற்றை வைத்துக்கொள்ள ஒரு நீட்சிப் புலம் இருக்கிறது. மூலத்தில் இருந்த சொல்லை அப்படியே அங்கே வைத்துவிடுங்கள்.

அடுத்தது, பிளக்-இன் எதுவரை படித்து முடித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் செக்பாயிண்ட். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள், அதுவும் தெரியாமல் சறுக்குகிறார்கள். எடை பதியும் ஒரு பரிவர்த்தனை 100 என்ற வரிசை எண்ணைப் பெற்றுக்கொண்டு, இன்னும் கமிட் ஆகாமல், அதாவது முடிந்து நிலைபெறாமல், நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின் வந்த ஒன்று 101-ஐப் பெற்று உடனே முடிந்துவிடுகிறது. அந்த நொடியில் அட்டவணையைப் படிக்கும் பிளக்-இன்னுக்கு 101 தெரியும், 100 தெரியாது. அது 101 வரை முடிந்தது என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். பிறகு கமிட் ஆகும் 100-ஐ எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வரிசை எண்ணுக்குப் பதிலாக நேரத்தை வைத்துக்கொண்டாலும் இதே கதைதான், ஏனென்றால் அந்த நேரமும் கமிட் ஆகும்போது எழுதப்படுவதன்று.

இதற்கு மருந்து இரண்டு. சில நிமிடங்கள் பின்தங்கியே படிப்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னே போய் மீண்டும் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளத்தைக் கொண்டு இரட்டிப்பை நீக்குவது மற்றொன்று. பின்தங்கும் நேரத்தை ஊகித்து வைக்காதீர்கள்; உங்கள் மென்பொருளில் மிக நீண்டு ஓடும் பரிவர்த்தனை எது என்று பார்த்து வையுங்கள். அன்றாட எடைப்பதிவுக்கு ஐந்து நிமிடம் தாராளம். ஆனால் மாதக் கடைசியில் எல்லா விவசாயிகளுக்கும் பட்டுவாடா கணக்கு ஒரே மூச்சில் ஓடி அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுமானால், தணிக்கைக்கு மிகவும் வேண்டிய பதிவுகளே அந்த ஐந்து நிமிட இடைவெளியில் தவறிப்போகும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போன எழுத்தர், இரவு ஒன்பதரை மணிக்குக் கணக்கைத் திருத்தியதாகப் பாதுகாப்பு மென்பொருள் காட்டியது. அவரை விசாரித்தும்விட்டார்கள். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், பதிவுக் கோப்பை ஓர் அட்டவணையில் ஏற்றி அனுப்பும் பிளக்-இன் எங்களுடையது. தவறு எங்கே?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: ஆறுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் உள்ள மூன்றரை மணி நேரமே விடையைச் சொல்லிவிடுகிறது. இந்திய நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரமாகத் தவறாகக் கொண்டிருந்தால் வேறுபாடு ஐந்தரை மணியாக இருந்திருக்கும். மூன்றரை என்றால், ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை உங்கள் பிளக்-இன் இஸ்ரேல் நேரமாக வாசித்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன்னுடன் கொண்டுவரும் இயல்பான சுருக்கப்பெயர்ப் பட்டியலில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேலுக்கு உரியது, அதாவது யுடிசிக்கு இரண்டு மணி முன்னால். நமக்கோ ஐந்தரை மணி. பதிவுக் கோப்பில் ஐஎஸ்டி என்று எழுதிய சர்வர் இந்திய நேரத்தைத்தான் எழுதியது. அதை மற்றோர் இடத்தில் அட்டவணைக்குள் ஏற்றியபோது பொருள் மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜாவாவின் பழைய நேரவலய வகுப்பு அதே மூன்றெழுத்தை இந்திய நேரமாகவே கொள்ளும். ஆகவே ஒருவர் கணினியில் சரியாக இருந்தது மற்றொருவர் கணினியில் தவறாகப் போவதில் வியப்பில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸில் இந்தியாவுக்கென்றே ஒரு சுருக்கப்பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இப்போதைய கோளாறு தீரும். ஆனால் சுருக்கப்பெயரை நம்பும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது என்பேன். பதிவின் நேரவலயத்தை யுடிசி என்று அமைத்துவிட்டு, உள்ளூர் நேரமாக்கும் வேலையைத் திரைக்கு விட்டுவிடுங்கள். மரியாடிபி என்ற தரவுத்தளத்தின் தணிக்கைக் கோப்பு போன்றவற்றில் நேரவலயமே எழுதப்படுவதில்லை. அங்கே மூலக் கணினி எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைப் பிளக்-இன்னின் அமைப்பில் கட்டாயப் புலமாக வையுங்கள், விட்டால் ஓட மறுக்கட்டும். கணினிக் கடிகாரமே பிசகியிருந்தால் இவை எதுவும் உதவாது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் சிஇஆர்டி-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்வது இதனால்தான். அந்த எழுத்தரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: பிளக்-இன் எதையும் படிக்க முடியாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதற்கு நிர்வாகியின் பயனர் பெயரையே கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: கூடாது. நிர்வாகியும் தணிக்கைக்கு உட்பட்டவர்தான். அவருடைய கைக்கு எட்டாத இடத்துக்குப் பதிவைக் கொண்டுபோவதற்கே இந்த மென்பொருள். ஆரக்கிளில் படிப்பதற்கு ஆடிட் வியூவர் என்ற அனுமதித் தொகுப்பு போதும். கோப்பைப் படிக்கும் பிளக்-இன்னுக்கு அந்தக் கோப்புறையில் படிக்கும் அனுமதி மட்டும் போதும். எழுதும் அனுமதி வேண்டாம்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் மரியாடிபி. ஆடி மாத மழையில் மூன்று நாள் இணைப்பு இல்லை. மின்சாரம் ஜெனரேட்டரில் ஓடியதால் வேலை நிற்கவில்லை. இணைப்பு திரும்பிய பின் பார்த்தால், நடுவில் இரண்டு நாள் தணிக்கைப் பதிவு சென்னை சர்வருக்கு வந்து சேரவே இல்லை. பிளக்-இன்னில் பிழை என்று எங்களைக் கடிந்துகொள்கிறார்கள்.
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பிளக்-இன்னைக் குற்றம் சொல்லும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மரியாடிபியின் சர்வர் ஆடிட் என்ற தணிக்கைச் செருகல், அமைப்பை மாற்றாமல் விட்டால், பதிவுக் கோப்பு 10,00,000 பைட்டை எட்டியதும் புதுக் கோப்பைத் தொடங்கும். பழையவற்றில் ஒன்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். நடப்புக் கோப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு கோடி பைட். ஒரு வரி சராசரியாக 200 பைட் என்று கொண்டால் 50,000 வரிகள். தரவுத்தளத்துக்கு இடும் கட்டளையான வினவல் ஒவ்வொன்றையும் எழுதும்படி அமைத்திருந்தால், கொழுந்து வரத்து மிகுந்த நாளில் அது ஒரு நாளைக்கே போதாது. பதினொன்றாவது கோப்பு தொடங்கும்போது முதல் கோப்பு போய்விடும். அதை எவராவது படித்தார்களா என்று மரியாடிபி கேட்பதில்லை.

ஆகவே முதலில் அளவையும் எண்ணிக்கையையும் உயர்த்துங்கள். உங்கள் பக்கத்தில் இணைப்பு எத்தனை நாள் அறுந்து கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தேவாலா மழையைச் சென்னையில் இருப்பவர் கணக்கில் கொள்ள மாட்டார். ஒரு வாரத்தைத் தாங்கும்படி வையுங்கள், வட்டில் இடம் இன்று பெரிய செலவன்று. குன்னூர் வாசகிக்குச் சொன்ன சிஇஆர்டி-இன் ஆணை பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அது நடுச் சர்வரில் நிறைவேறலாம், ஆனால் அங்கே போய்ச் சேராத பதிவை எப்படி வைத்திருப்பது? வாசிக்கும் வினவல்களை எழுதாமல் விட்டால் கோப்பு வெகுவாகச் சிறுக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மரியாடிபியில் அதற்கு வழியும் உண்டு. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் உள்ள அட்டவணைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய நான் ஒப்பமாட்டேன். அவற்றில் திருத்துவதைவிடப் பார்ப்பதே பெரும்பாலும் குற்றமாகும்.

பிளக்-இன் பக்கத்திலும் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோப்பின் பெயரையும் எத்தனையாவது பைட் என்பதையும் மட்டும் அது நினைவில் வைத்திருந்தால், கோப்பு சுழன்றதும் அதே பெயரில் வேறு கோப்பு நிற்கும். பழைய இடத்திலிருந்து படித்தால் முன்பகுதி விட்டுப்போகும். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள ஐநோடு எண்ணையும், அந்த எண் வேறொரு கோப்புக்கு மறுபடி வரக்கூடும் என்பதால் முதல் வரியையும் சேர்த்து அடையாளமாகக் கொள்ள வேண்டும். ஆரக்கிளில் இந்தத் தொல்லை குறைவு. 'இதுவரை சேகரித்தாயிற்று' என்று சேகரிப்பவர் ஒரு நேரக்குறியை வைத்த பிறகு, அதற்கு முந்தியவற்றை மட்டுமே அழிக்கும்படி அங்கே அமைத்துக்கொள்ளலாம். இணைப்பு திரும்பும்போது ஒரு பதிவு இருமுறை போனால் பொறுத்துக்கொள்ளலாம். அனுப்பியதற்கு ஒப்புதல் வருமுன் செக்பாயிண்டை நகர்த்தும் பிளக்-இன்னைப் பொறுக்கக் கூடாது.

கேள்வி: கல்லூரி மாணவி நான். இந்த மென்பொருள்கள் எல்லாம் விலை மிகுந்தவை. வாங்காமலே பிளக்-இன் எழுதப் பழக முடியுமா?
– ஒரு வாசகி, உதகை

பதில்: முடியும். ஐபிஎம் கார்டியம் என்ற தரவுத்தளப் பாதுகாப்பு மென்பொருளில் பதிவுகளை உள்ளே கொண்டுவரும் யுனிவர்சல் கனெக்டர் என்ற பகுதி, லாக்ஸ்டாஷ் என்ற திறந்த மூலக் கருவியின் மேல் கட்டப்பட்டது. அதற்கான பிளக்-இன்கள் பலவும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. லாக்ஸ்டாஷில் உள்ளீடு, வடிகட்டி, வெளியீடு என்று மூன்று கட்டங்கள். நடுவில் உள்ள வடிகட்டியைத்தான் பெரும்பாலும் நாம் எழுதுவோம்: மூலப் பதிவைப் பிரித்து, கார்டியம் எதிர்பார்க்கும் ஜேசன் என்ற தரவு வடிவில் அமைத்துக் கொடுப்பது அதன் வேலை. உங்கள் மடிக்கணினியில் மரியாடிபியை நிறுவித் தணிக்கையை இயக்கினால் படிக்க வேண்டிய கோப்பும் கிடைத்துவிடும்.

ஒரு வரியில் பத்துப் புலங்கள், காற்புள்ளியால் பிரிந்தவை. எளிது என்று தோன்றும். ஆனால் வினவலுக்குள்ளேயே காற்புள்ளிகள் இருக்கும். ஆகவே முதல் எட்டை இடமிருந்தும், கடைசியில் உள்ள விளைவு எண்ணை வலமிருந்தும் எடுத்துவிட்டு, நடுவில் நிற்பதை முழுதாக வினவல் என்று கொள்ளுங்கள். பிறகு தமிழ்ப் பெயர்களை இட்டுச் சோதியுங்கள். வினவலின் நீளத்துக்கு இயல்பான வரம்பு 1024 பைட். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'கோ' என்ற ஓரெழுத்துக்கே ஆறு பைட் வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் முழுதாக வரும் வினவல் தமிழில் பாதியில் வெட்டுப்படும். வெட்டு ஓரெழுத்தின் நடுவில் விழுந்தால் ஜேசன் உடைந்து அந்தப் பதிவே நிராகரிக்கப்படலாம். உடைந்த பைட்டுகளை நீக்கிவிட்டு, வெட்டுப்பட்டது என்று ஒரு குறியையும் சேர்த்து அனுப்புங்கள். கடைசிச் சோதனையாக, ஆயிரம் வரிகளை எழுதவிட்டு, நடுவில் லாக்ஸ்டாஷை வலிந்து நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். மறுபுறத்தில் இரட்டிப்பை நீக்கிய பின் எண்ணினால் சரியாக ஆயிரம் வர வேண்டும். 999 வந்தாலும் எங்கே போயிற்று என்று கண்டுபிடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.