ஆறு மாதமும் ஒரு மெஷினும்

சார், வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சாண்ட்விச் (நடுநடுவே கம்பெனி டிரெயினிங் வரும் டிப்ளமோ) படிக்கிறேன். நாலாவது செமஸ்டர் முழுக்கக் கம்பெனி டிரெயினிங். ராணிப்பேட்டை சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். சீனியர் அண்ணன்களைக் கேட்டால், "பேக்கிங்ல விடுவாங்க, பீஸ் எண்ணச் சொல்லுவாங்க, கடைசில பழைய ரிப்போர்ட்டை மாத்தி எழுதிக் குடுத்துடு, போதும்" என்கிறார்கள். இந்த ஆறு மாதத்தில் உருப்படியாக எதைக் கற்றுக்கொள்வது? பேக்கிங்கில் போட்டால் மறுக்கலாமா? வெளிநாட்டில் கோ-ஆப் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு போவது?

க., குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

கோ-ஆப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கான விடை அதிலிருந்துதான் வருகிறது.

1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களை வைத்து அதைத் தொடங்கினார். மாணவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவன் வகுப்பில் உட்காரும் வாரம் இன்னொருவன் தொழிற்சாலையில் நிற்பான், அடுத்த வாரம் இருவரும் இடம் மாறுவார்கள். கம்பெனிக்காரருக்கு ஆள் இல்லாத வாரமே கிடையாது. அதனால் அவருக்கும் மாணவனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதில் லாபம் இருந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே இந்த முறையைக் கையில் எடுத்தது. அங்கே நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேலை என்று மாறி மாறி வரும். உங்கள் மூன்றரை வருட சாண்ட்விச் டிப்ளமோவும் இதே வம்சம்தான். நாலாவது செமஸ்டர், ஏழாவது செமஸ்டர் இரண்டும் கம்பெனிக்கு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே மாணவன் உள்ளே போகும் முன்பே அவனுக்கு என்ன வேலை, யார் பொறுப்பு என்று காகிதத்தில் இருக்கும். இங்கே பெரும்பாலும் கல்லூரிக் கடிதத்தோடு பையனைக் கேட்டில் விட்டுவிடுகிறோம். அதனால்தான் அவன் பேக்கிங்கில் போய் நிற்கிறான்.

ஆகவே அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் துறை ஆசிரியரைப் பார்த்து, கல்லூரிக் கடிதத்தில் மூன்று விஷயம் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று. கம்பெனியில் உங்களுக்குப் பொறுப்பாக ஒரு இன்ஜினியரைக் குறிப்பிட வேண்டும் என்ற வேண்டுகோள் இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: முதல் மூன்று வாரம் பீஸை அளந்து சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன், பிறகு மூன்று மாதம் ஒரே மெஷின் அல்லது ஒரே லைன், மீதி நாட்கள் கருவிகளைத் தயார்செய்யும் டூல் ரூமும் மெயின்டனன்ஸும் என்று கேட்டு எழுத வேண்டும். எல்லா டிபார்ட்மென்டிலும் வாரம் ஒன்று என்று சுற்றினால் எல்லாவற்றையும் பார்த்தது போல இருக்கும், கையில் எதுவும் நிற்காது. ஒரு புது ஆள் ஒரு லைனுக்குப் பழகி, பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர் அவனை நம்பி, டூல் நிற்கும் இடத்தை மைக்ரான் கணக்கில் திருத்தும் ஆஃப்செட் பட்டனைத் தொட விடுவதற்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அப்போது பார்த்து இடம் மாற்றினால் எல்லாம் வீண்.

ஏன் இன்ஸ்பெக்‌ஷனில் தொடங்கச் சொல்கிறேன் என்றால், அளக்கத் தெரியாதவனுக்கு மெஷின் எதுவும் சொல்லாது. டிராயிங்கில் 25 எச்7 என்று ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 25.000 மில்லிமீட்டரிலிருந்து 25.021 வரை இருக்கலாம். மொத்தமே 21 மைக்ரான் இடம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), இதற்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். கல்லூரி லேபில் பழகிய வெர்னியர் படிக்கும் மிகச் சிறிய அளவு (லீஸ்ட் கவுன்ட்) 0.02 மில்லிமீட்டர், அதாவது 20 மைக்ரான். அதன் ஒரே ஒரு கோடு உங்கள் டாலரன்ஸ் முழுவதையும் விழுங்கிவிடும். வெர்னியரை விட்டுப் பார்த்து "சார், ஓகே" என்று சொல்வதுதான் டிரெயினியின் முதல் தப்பு. அந்த இடத்தில் துளையின் உள்விட்டத்தை முள்ளால் காட்டும் போர் டயல் கேஜ் வேண்டும். அதை ரிங் மாஸ்டரில் (சரியான அளவு தெரிந்த வளையம்) ஜீரோ வைத்து, துளைக்குள் விட்டு, மெல்ல ஆட்டி, முள் திரும்பும் புள்ளியைப் படிக்க வேண்டும். ஒரே ஜாப்பை, அதாவது கடைந்த பீஸை, பத்து முறை அளந்து பாருங்கள். உங்கள் பத்து அளவுகளும் 2, 3 மைக்ரானுக்குள் வரும் வரை அடுத்த ஜாப்புக்குப் போகாதீர்கள்.

இப்போது மெஷினுக்கு வருவோம். கடைசல் லைன்களில் அடிக்கடி கேட்கும் சண்டை ஒன்று உண்டு: "மெஷின்ல ஓகே, கியூ.சி.ல ரிஜெக்ட்." ஆபரேட்டர் தான் அளந்தபோது 25.003 இருந்தது என்பார். கியூ.சி. என்ற தரச் சோதனையில், துளையின் குறைந்தபட்ச அளவுக்குச் செய்த உருளையான கோ பிளக் கேஜ் உள்ளே போகாது. இருவரும் பொய் சொல்லவில்லை. குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சரியாகப் படாமல் மெஷினிலிருந்து வரும் ஜாப், மாஸ்டரைவிட 25 டிகிரி வரை சூடாக இருக்கலாம். ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் துளைக்கு 25 டிகிரி என்றால் 7 மைக்ரான், டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்கு. ஆறியதும் 25.003 என்பது 24.996 ஆகிவிடும். அலுமினியம் என்றால் இதில் இரண்டு மடங்கு. நம் வெயில் இதில் எங்கே வருகிறது என்றால், ஷெட் 40 டிகிரியில் இருப்பதால் மட்டும் தொல்லை இல்லை. ஸ்டீல் ஜாப்பும் ஸ்டீல் மாஸ்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும். ஏ.சி. ரூமில் இருந்த மாஸ்டரைச் சித்திரை மாதத்தில் ஷெட்டுக்குக் கொண்டுவந்த உடனே ஜீரோ வைத்தால்தான் ஆபத்து. மாஸ்டர் சுருங்கியிருக்கும், துளை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும்.

உங்கள் முதல் வேலை இதுவாகவே இருக்கட்டும். அடுத்தடுத்து 30 பீஸை மார்க்கரால் நம்பர் போட்டு, இறங்கியவுடன் ஒருமுறை அளந்து, மாஸ்டர் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அளந்து, இரண்டு அளவையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசையாக எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லா பீஸிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் காரணம் சூடுதான். கூலன்ட் நாசிலின் திசையைச் சரிசெய்தாலே பாதி குறையும். மீதியைக் கணக்கில் வைத்து, சூட்டில் என்ன அளவு வர வேண்டும் என்று ஆபரேட்டருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

ஆறிய பிறகு டயல் கேஜ் சரியான அளவு காட்டியும் பிளக் கேஜ் போகவில்லையா? அப்போது கதை வேறு. மெல்லிய சுவர் உள்ள ஜாப்பை, மூன்று தாடையால் பிடிக்கும் மூன்று ஜா சக் இறுக்கிப் பிடித்தால், பிடித்த நிலையில் துளை வட்டமாகக் கடையப்படும், விட்டதும் மூன்று பக்கம் புடைத்த வடிவத்துக்குப் போய்விடும். இரண்டு புள்ளியில் தொடும் டயல் கேஜுக்கு அந்த வடிவம் தெரியாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். பிளக் கேஜ்தான் காட்டிக்கொடுக்கும். சக் பிரஷரைக் குறைக்க வேண்டும், அல்லது ஜாப்பை அகலமாக அணைத்துப் பிடிக்கும்படி சாஃப்ட் ஜாவை (மென்மையான தாடை) கடைந்து போட வேண்டும். பிரஷரை நீங்களாகத் தொடவே கூடாது. குறைவாகிப் போனால் ஓடும் சக்கிலிருந்து ஜாப் தெறிக்கும். மெஷினைச் சரிசெய்து வைக்கும் செட்டரிடம் உங்கள் தாளைக் காட்டி, அவர் கையால் மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம் இன்சர்ட் (டூலில் பொருத்தும் வெட்டுமுனை) தேய்மானம். போரிங் டூலின் முனை தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே போகும், ஆபரேட்டர் ஆஃப்செட் கொடுத்து நிமிர்த்துவார். இதில் நடக்கும் தப்பு, ஒவ்வொரு பீஸையும் அளந்து ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட் மாற்றுவது. பீஸுக்குப் பீஸ் ஓரிரு மைக்ரான் ஆடுவது மெஷினின் இயல்பு. அதைத் துரத்தினால் ஆட்டம் அதிகமாகும், குறையாது. அளவுகளைக் கிராஃப் தாளில் புள்ளியாக வைத்துக்கொண்டே வாருங்கள். கோடு ஒரே பக்கமாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும்போது கொடுப்பதுதான் சரியான ஆஃப்செட்.

பீஸ் எண்ணச் சொன்னாலும் வருத்தப்படாதீர்கள், அதையே கணக்காக்கலாம். எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ போக 430 நிமிடம், அதாவது 25,800 விநாடி. ஒரு பீஸுக்கு 92 விநாடி என்றால் 280 பீஸ் வர வேண்டும். 210-தான் வந்திருக்கிறது என்றால் 70 பீஸ், சுமார் 107 நிமிடம், எங்கேயோ போயிருக்கிறது. ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று, அது நின்ற ஒவ்வொரு முறையும் நேரமும் காரணமும் குறியுங்கள்: இன்சர்ட் மாற்ற, மெட்டீரியல் வராமல், ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவலுக்காக, கடையும்போது வரும் உலோகச் சுருள் சிக்கி. ஐந்து ஷிஃப்ட் எழுதினால் எது பெரிய ஓட்டை என்று புலப்படும். இந்தத் தாளைப் பார்த்த பிறகு எந்த சூப்பர்வைசரும் உங்களைப் பேக்கிங்குக்கு அனுப்ப யோசிப்பார். ஆபரேட்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். அவரை வேவு பார்ப்பதாக நினைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த லைனில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பேக்கிங்கை மறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆள் வராத நாளில் ஒன்றிரண்டு ஷிஃப்ட் உதவுங்கள், அது மரியாதை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உங்கள் பொறுப்பு இன்ஜினியரிடம் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் கல்லூரி ஆசிரியர் நேரில் வந்து பேச வேண்டும். உங்களை ஒப்பந்தம் பதிவுசெய்து எடுத்திருந்தால் 1961-ஆம் வருட அப்ரென்டிஸ் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அந்தச் சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பீஸ் ரேட் கணக்கில் உதவித்தொகை கொடுக்கக் கூடாது. அரசின் அப்ரென்டிஸ்ஷிப் அட்வைசர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் செய்யச் சொல்லக் கூடாது. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு கம்பெனியின் பொறுப்பு. 2019 விதிகளில் சாண்ட்விச் டிப்ளமோ மாணவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகையை நாட்ஸ் (மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டம்) போர்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ, டிகிரி பயிற்சிக்கு நம் பக்கத்து அலுவலகம் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம். பதிவு செய்யாமல் வெறும் கடிதத்தில் எடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்புகளைக் கேட்டு வாங்குவது கடினம். ஆகவே எச்.ஆரிடம் முதல் கேள்வி, "சார், கான்ட்ராக்ட் ரெஜிஸ்டர் பண்றீங்களா?"

கம்பெனி கிடைக்காத உங்கள் நண்பர்களுக்கும் ஒன்று. வாகனக் கம்பெனி, இல்லாவிட்டால் பெல் (பி.எச்.இ.எல்.) என்று இரண்டு வாசலிலேயே நிற்க வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல், ஷூ தொழிற்சாலைகளை மெக்கானிக்கல் மாணவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. தோல் பதனிடும் டிரம்களின் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் பிரஸ், பாய்லர், கம்ப்ரஸர், கழிவுநீர் நிலையத்துப் பம்பும் புளோயரும் என்று மெயின்டனன்ஸ் வேலை அங்கே கொட்டிக் கிடக்கிறது. பேரிங் மாற்றக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்குள் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். தொட்டி ஓரத்தில் உட்காரவும் படுக்கவும் வேண்டாம் என்று அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

முதல் நாளுக்கு: ஸ்டீல் டோ உள்ள சேஃப்டி ஷூ, சட்டைப் பையில் அடங்கும் கெட்டி அட்டை நோட்டு, இரண்டு பேனா, மார்க்கர், சின்ன கால்குலேட்டர். போனை உள்ளே விட மாட்டார்கள், அதனால் தனி ஸ்டாப் வாட்ச் ஒன்று. டிராயிங்கைப் போட்டோ எடுக்கவே கூடாது, தேவையான அளவை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தளர்ந்த சட்டை, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு, கையில் கட்டிய சாமி கயிறு எதுவும் ஓடும் மெஷின் பக்கம் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்து லேத் பக்கம் போடாதீர்கள், சுழலும் ஜாப் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கும். சுருளைக் கையால் எடுக்காமல் ஹூக்கால் எடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து தினமும் போய் வருவது ஜெனரல் ஷிஃப்டுக்கு வேண்டுமானால் முடியும். காலை ஆறு மணி ஷிஃப்ட் போட்டால் முடியாது. கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று கேளுங்கள். வரவில்லை என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஆற்காட்டிலோ வாலாஜாவிலோ ரூம் பார்த்துவிடுங்கள். முதல் மாதத்தை பஸ்ஸில் தூங்கிக் கழித்தால் இன்ஸ்பெக்‌ஷனில் கைப்பழக்கம் வராது.