சான்றிதழ்ப் பெயரும் கூப்பிடும் பெயரும்: கேள்வி பதில்

பெங்களூரில் இனநாய் வளர்க்கும் தமிழர்கள், நாய்களைப் பதிவு செய்யும் சங்கமான கெனல் கிளப்பின் சான்றிதழில் வரும் பதிவுப் பெயரையும் வீட்டில் கூப்பிடும் பெயரையும் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் டாபர்மேன் வளர்ப்பவன், கண்காட்சிகளுக்கும் நாய்களைக் கொண்டு செல்பவன். கால்நடை மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அல்சூரிலிருந்து: எங்கள் லாப்ரடாரின் சான்றிதழில் நான்கு சொல் நீளத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் 'மணி' என்று கூப்பிடுகிறோம். சான்றிதழை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மணி மணியாகவே இருக்கட்டும். பதிவுப் பெயர் நாயைக் கூப்பிடுவதற்காக ஏற்பட்டதே அன்று. அது பதிவுப் புத்தகத்தில் ஒரு நாயை இன்னொரு நாயிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக ஏற்பட்டது. இங்கிலாந்தில் 1873-இல் கெனல் கிளப் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு அதன் முதலாவது வம்சாவளிப் புத்தகம் வெளிவந்த காலத்தில், ஒரே பெயரில் ஏகப்பட்ட நாய்கள் இருந்தன; எந்த நாய் எதன் தந்தை என்று தெரியாமல் குழம்பியதால்தான், 1880-இல் பெயர்களைப் பொதுவாகப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். எளிய பெயர்கள் தீர்ந்துபோகவே, குட்டிகளை ஈனவைக்கும் பிரீடரின் கெனல் பெயரை, அதாவது அவருடைய நாய்ப்பண்ணையின் பெயரை, முன்னால் சேர்த்து, பின்னால் இரண்டு மூன்று சொற்களைக் கோக்கும் வழக்கம் நிலைத்தது. அமெரிக்கன் கெனல் கிளப்பில் இடைவெளி உட்பட 36 எழுத்துகள் வரை சாதாரணமாக அனுமதி உண்டு. ஓர் இனத்தில் ஒரே பெயரை 37 நாய்கள் வரை பெறலாம், ரோமானிய எண் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள்.

பேர்பெற்ற நாய்களுக்கும் இதே கதைதான். 2022-இல் அமெரிக்காவின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் முதலிடம் பெற்ற பிளட்ஹவுண்டின் பதிவுப் பெயர் 'ஃப்ளெஸ்னர்ஸ் டூட் மை ஓன் ஹார்ன்'. வீட்டில் அது வெறும் 'டிரம்பட்'. 2020-இல் வென்ற பூடிலுக்குக் காகிதத்தில் 'ஸ்டோன் ரன் ஆஃப்டர்நூன் டீ', வாயில் 'சீபா'.

ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். சான்றிதழில், நாயின் தோலுக்கடியில் வைத்திருக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். மருத்துவரிடம் போகும்போது, சிப்பைப் படிக்கும் ரீடரைத் தோள்பட்டைகளுக்கு இடையே வைத்துப் பார்க்கச் சொல்லி, திரையில் வரும் எண்ணைச் சான்றிதழோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள்.

ஜெயநகரிலிருந்து: கூப்பிடும் பெயர் எப்படி இருந்தால் நாய்க்கு எளிதாகப் பிடிபடும்?

இரண்டு அசையில், வல்லெழுத்தில் தொடங்கி, உயிரோசை நீண்டு முடியும் பெயர் நல்லது என்பது பொது விதி. அது எல்லாருக்கும் தெரியும். நம் ஊருக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பெங்களூரில் ஒரு நாய் ஒரே நாளில் நான்கு மொழிகளைக் கேட்கிறது. வீட்டில் தமிழ், பயிற்சியாளரிடம் ஆங்கிலக் கட்டளை, காவலாளியிடம் கன்னடம் அல்லது இந்தி, வேலைக்கு வரும் அம்மாவிடம் தெலுங்கு. ஆகவே நீங்கள் வைக்கும் பெயர் எந்த மொழியின் கட்டளையோடும் மோதக் கூடாது. 'போ' என்று செல்லமாகப் பெயர் வைத்தால், தமிழில் நாயைக் கூப்பிடும்போதே துரத்துகிறீர்கள். ஆங்கிலத்தில் அது 'நோ' என்பது போலவும் காதில் விழும். 'பாலா' என்று வைத்தால், கன்னடக்காரர் யாரையாவது 'பா' (வா) என்று அழைக்கும்போதெல்லாம் அது எழுந்து நிற்கும். 'கிட்', 'ரே' போன்றவை 'சிட்', 'ஸ்டே' ஆகிய கட்டளைகளோடு குழம்பும். வாசலில் நின்று பத்து முறை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெயரை முடிவு செய்யுங்கள். எதிர் வீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தால் வேறு பெயர் தேடுங்கள்.

விவேக் நகரிலிருந்து: காக்கர் ஸ்பானியலின் காதில் நாற்றம் வருகிறது, என்ன மருந்து போடலாம்?

இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வைட்ஃபீல்டிலிருந்து: பெருந்தொகை கொடுத்து ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கினேன். நாய் என்னுடையது. அப்படியிருக்க, சாகும்வரை அதன் பெயருக்கு முன்னால் பிரீடரின் கெனல் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? அதை நீக்க வழி உண்டா?

நாய் உங்களுடையது, அதன் பிறப்பு உங்களுடையது அன்று. நம் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியலைப் போன்றது கெனல் பெயர்: சம்பாதித்தது யார், வளர்த்தது யார் என்பதை அது சொல்வதில்லை, எங்கே பிறந்தது என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பெட்டையை எந்த ஆணோடு சேர்ப்பது என்று முடிவு செய்தவர், இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர், குட்டி ஈனும் இரவில் விழித்திருந்தவர் அந்தப் பிரீடர். நாளை உங்கள் நாய்க்கு ஒரு பரம்பரைக் குறை வெளிப்பட்டாலும், அந்தப் பெயரைக் கொண்டுதான் யாரைக் கேட்பது என்று தெரியும். உங்களுக்கென்று பதிவான கெனல் பெயர் இருந்தால், இங்கிலாந்து விதிப்படி, நீங்கள் ஈனவைக்காத நாய்க்கு அதைப் பின்னால் மட்டுமே சேர்க்கலாம். முன்னிடம் பிரீடருக்கு உரியது.

ராமமூர்த்தி நகரிலிருந்து: வைட்ஃபீல்டு நண்பருக்கு நீங்கள் சொன்னது சரியன்று. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தின் முதல் நாயே பெயர் மாற்றப்பட்ட நாய்தானே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 1899 ஏப்ரலில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே கண்காட்சியில், இந்த இனத்தை உருவாக்கிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் வாங்கிய நாயின் பெயர் 'ஹெக்டர் லிங்க்ஸ்ரைன்'. அவர் அதை 'ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத்' என்று மாற்றி, அதே மாதம் தொடங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண்ணைக் கொடுத்தார். ஆனால் அந்தப் பதிவேடே அந்த நாயிலிருந்துதான் தொடங்குகிறது. மாற்றினால் கலைந்துபோகும்படி அந்த இனத்துக்கு அதற்கு முன் ஒரு சங்கப் பதிவேடு இல்லை. அப்படியிருந்தும் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றுவரை இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

இன்று நிலைமை வேறு. ஒரு நாயின் பெயர் அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் சான்றிதழ்கள் அனைத்திலும் ஏறுகிறது. நடுவில் பெயரை மாற்றினால், மூத்த குட்டிகளின் தாளில் ஒரு பெயரும் இளைய குட்டிகளின் தாளில் வேறு பெயரும் நிற்கும். பிறகு அந்த இரண்டு கிளைகளிலிருந்தும் ஆணையும் பெட்டையையும் சேர்க்கிறவர், இருபுறமும் ஒரே தாத்தா இருப்பதைத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நெருங்கிய உறவுக் கலப்பு இப்படித்தான் தெரியாமல் நடக்கிறது.

பாணஸ்வாடியிலிருந்து: மைக்ரோசிப் எண்தான் அடையாளம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எண் மாறாதபோது பெயர் மாறினால் என்ன?

எண் நாயின் உடலுக்கு அடையாளம். பெயர் அதைப் பற்றிப் பேசுகிற மனிதர்களுக்கு அடையாளம். இரண்டு பிரீடர்கள் கண்காட்சித் திடலில் நின்று, எந்த ஆணின் பிள்ளைகளுக்கு இதய நோய் வந்தது என்று பேசிக்கொள்ளும்போது 15 இலக்கங்களைச் சொல்லிப் பேசுவதில்லை. தவிர, நான்கு தலைமுறைக்கு முந்தைய நாய்களில் பலவற்றுக்குச் சிப்பே கிடையாது; அவற்றை இணைத்து வைத்திருப்பது பெயரும் பதிவு எண்ணும் மட்டுமே.

கே.ஆர். புரத்திலிருந்து: இந்த ஊரில் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று என் இனிஷியலை விரித்து எழுதினோம், இப்போது எல்லாரும் அவனை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாயையாவது விட்டுவிடக் கூடாதா?

உங்கள் வருத்தம் இங்கே பாதித் தமிழர் வீடுகளில் இருக்கிறது. நாய்க்கு அந்தத் துன்பம் இல்லை. அதைப் பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: வெளிநாட்டு வம்சாவளிகளில் உடன்பிறந்த நாய்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குகின்றனவே, ஏன்?

ஜெர்மானிய வழக்கத்தில் ஒரு கெனலின் முதல் ஈற்றுக் குட்டிகளுக்கு 'ஏ', அடுத்த ஈற்றுக்கு 'பி' என்று எழுத்து வரிசையில் பெயர் வைப்பார்கள். பெயரைப் பார்த்தவுடன் எந்த ஈற்று என்று சொல்லிவிடலாம். பிரான்சில் எழுத்து ஆண்டுக்கு உரியது. 2005-இல் பிறந்தவற்றுக்கு 'ஏ'. கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஆறையும் விட்டுவிடுவதால் 20 ஆண்டில் சுற்று முடிந்து, 2025-இல் மீண்டும் 'ஏ' வந்தது. ஆகவே பிரெஞ்சு நாயின் பெயரே அதன் வயதைச் சொல்லும். விற்பவர் சொல்லும் வயதும் முதலெழுத்தும் பொருந்தவில்லை என்றால், நான் முன்பு சொன்ன ரீடரைக் கையில் எடுங்கள்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: சான்றிதழில் பெயரை மாற்றலாமா?

மேலே படியுங்கள்.

இந்திரா நகரிலிருந்து: என் பீகிளின் பெயரோடு 'சாம்பியன்' என்று சேர்த்துப் பதியலாமா?

கூடாது. அது பெயர் அன்று, வென்று பெறும் பட்டம். இங்கிலாந்தில் வழக்கமாக மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சேலஞ்ச் சான்றுகள் (கண்காட்சியில் வென்ற நாய்க்கு நடுவர் தருவது) பெற்ற பிறகு அது பெயருக்கு முன்னால் வரும்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: எங்கள் ராஜபாளையத்துக்குத் தமிழில் பதிவுப் பெயர் வைத்தால் கண்காட்சியில் மதிப்புக் குறையுமா?

கொஞ்சமும் குறையாது. கண்காட்சி வளையத்தில் நடுவருக்குத் தெரிவது உங்கள் கையில் கட்டிய எண் மட்டுமே. பெயர் அவர் காதுக்கே வருவதில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் முதோல் ஹவுண்டும் இருந்தன. அத்தகைய இனத்து நாய்க்கு 'சில்வர் மூன்லைட் பிரின்ஸ்' என்று பெயர் வைப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'வெண்கொற்றன்', 'மருதன்', 'செவலை' என்று வையுங்கள். சான்றிதழில் ஆங்கில எழுத்தில் வரும் என்பதால் 'ழ' உள்ள பெயரை மட்டும் தவிருங்கள். அதை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள்.

சிவாஜி நகரிலிருந்து: நான்கு வயது நாயைத் தத்தெடுத்தேன். கூப்பிடும் பெயரை மாற்றலாமா?

தாராளமாக. புதுப் பெயரைச் சொல்லி உடனே ஒரு துண்டு உணவு கொடுங்கள். சில நாளில் பழகிவிடும்.

ஓசூர் சாலையிலிருந்து: பிரீடர் ஒருவர் குட்டியைக் காட்டி, மிகக் கம்பீரமான பதிவுப் பெயரையும் சொன்னார். தாள் மூன்று மாதத்தில் வரும் என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா? அத்துடன், பெயரை நாங்களே தேர்ந்தெடுக்க முடியுமா?

பெயர் கம்பீரமாக இருப்பதால் எதுவும் உறுதியாவதில்லை. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வாயால் சொல்லலாம். தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தாய், தந்தை இரண்டின் சான்றிதழ்களையும் கேளுங்கள். தாயின் உடலில் ரீடரை வைத்து எண்ணை ஒத்துப் பாருங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெனல் கிளப் ஆஃப் இந்தியாவில் அந்த ஈற்றைப் பதிவதற்கு விண்ணப்பித்த ரசீது இருந்தால் அதையும் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் முன்பணம் வேண்டாம். பெயரைப் பொறுத்தவரை, குட்டிகளின் விண்ணப்பம் போவதற்கு முன்பே கேட்டால், கெனல் பெயருக்குப் பின்னால் வரும் பகுதியை வாங்குபவரின் விருப்பத்துக்கு விடும் பிரீடர்கள் பலர் உண்டு. விண்ணப்பம் போன பிறகு கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள்.